தொலைந்தது சாவி, உடைந்தது இக்னிஷன், கார் அப்பா பெயரில்: இனி என்ன செய்வது?

கரூரில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் வாங்கிய 2014 மாடல் சின்ன கார் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. போன மாதம் தம்பியும் இவரும் பாட்டியைக் கண் பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் கைப்பையில் சாவி இல்லை. இன்னொரு சாவியை அப்பா எங்கே வைத்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பார்க்கிங் ஆட்கள் ஒரு சாவிக்காரரின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வந்து, "பத்து நிமிஷம், பழைய சாவி மாதிரியே போட்டுத் தர்றேன்" என்றாராம். கதவு திறந்தது. இக்னிஷனில் அவர் போட்ட சாவி பாதியில் சிக்கிக்கொண்டது. அப்புறம் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர். பூட்டின் உருளை உடைந்தது, ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டது. தம்பியிடம் 2,500 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டு, "மீதியை ஷெட்டுல பாத்துக்குங்க" என்று போய்விட்டார். கரூர் வரை இழுத்து வர 9,000 ரூபாய். இப்போது மெக்கானிக் ஷெட்டில் வயரை இணைத்தால் இன்ஜின் கிளம்புகிறது, இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது. மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. "இ.சி.எம். போச்சு, 18,000 ஆகும். இல்லன்னா 4,000 கொடுங்க, பைபாஸ் பண்ணி டைரக்ட் பண்ணிடறேன்" என்கிறார் மெக்கானிக். (இ.சி.எம். என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. பைபாஸ் என்பது பூட்டையும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் தாண்டி வயரை நேராக இணைப்பது.) திருட முயன்று யாரோ உடைத்ததாகப் போலீஸில் எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸ் மொத்தச் செலவையும் தந்துவிடும் என்கிறார் சித்தப்பா. சாவிக்காரர் மீது வழக்குப் போடலாமா என்பது வாசகியின் கேள்வி. கடைசியில் ஒரு வரி: "கவனக்குறைவு என்னுடையதுதானே, எங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது அல்லவா?"

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். சாவியைத் தொலைத்தது கவனக்குறைவாகவே இருக்கட்டும். அதனால் உங்கள் உரிமை எல்லாம் போய்விடாது. 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், லாரி டிரைவர் சாவியை இக்னிஷனிலேயே விட்டுவிட்டு வழி கேட்க இறங்கியிருந்தார். அந்த இடைவெளியில் லாரி திருடு போனது. அவ்வளவு பெரிய அசட்டைக்கே காப்பீட்டுத் தொகையில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். கூட்டத்தில் பையில் இருந்து ஒரு சாவி விழுவது அதைவிடச் சின்ன விஷயம்.

உங்கள் வீட்டில் சாவியைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அதைவிட ஆர்.சி. புத்தகம்தான் கவலையாக இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஷெட்டில் நிற்கும் கார்.

பைபாஸ் வேண்டாம்

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் மோட்டார் காப்பீட்டு வழக்குகளில், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கைகளைப் படித்துப் படித்து, வண்டியின் உள்விவகாரம் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. உங்கள் காரில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு இருக்கிறது. சாவி படம் போட்ட அந்த விளக்கு அதனுடையதுதான். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும். பூட்டைச் சுற்றி இருக்கும் வளையம் அதைப் படித்து, இது பதிவான சாவிதான் என்று சொன்னால்தான் இன்ஜினுக்குத் தொடர்ந்து பெட்ரோல் போகும். சிப் இல்லாமல் வயரை இணைத்தால் வண்டி கிளம்பி இரண்டு நொடியில் நின்றுவிடும். அதாவது இப்போது நடப்பது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்கிறது. இ.சி.எம். போய்விட்டது என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் 18,000 ரூபாய்க்குத் தலையாட்ட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் மூடி இல்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி இருக்க வேண்டிய கறுப்பு வளையம் ஒரு பக்கம் பெயர்ந்து தொங்குகிறது. சிப்பைப் படிக்கும் வளையம் அதுதான். அது உடைந்திருந்தால் புதுச் சாவி வாங்கினாலும் வண்டி ஓடாது. எனவே எஸ்டிமேட் போடும்போது அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் மஞ்சள் உறை போட்ட ஒரு கனெக்டர் தெரிகிறது. ஏர்பேக் வயர்களுக்குத்தான் மஞ்சள் உறை போடுவது வழக்கம். அனுபவம் இல்லாதவர்கள் டெஸ்ட் லைட்டை வைத்து அதைக் குத்திப் பார்க்கக் கூடாது. இதை மெக்கானிக்கிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பைபாஸ் செய்தால் கார் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் எப்படி ஓடும் என்று பாருங்கள். உடைந்த ஸ்டீயரிங் பூட்டின் ஊசி, ஓடும்போது சரிந்து விழுந்தால் ஸ்டீயரிங் திரும்பாது. பேட்டரியில் இருந்து நேராக வரும் வயர் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் டேப்பில் சுற்றிக் கிடக்கும். ஸ்டார்டர் வயர் ஓட்டத்தில் உரசினால் ஸ்டார்டர் மோட்டாரின் பல் நொறுங்கும். இன்ஜினை நிறுத்துவதே ஒரு வேலை என்பதால், பால் வாங்க இறங்கும்போது தம்பி வண்டியை ஓடவிட்டே இறங்குவார். டிரைவர் சீட்டில் ஆள் இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டுப் பொது இடத்தில் நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 126 தடுக்கிறது. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டினால் பிரிவு 190: முதலில் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சின்னது என்று நினைக்க வேண்டாம். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து அந்த டேப்பைப் படம் எடுத்தால், வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையை இன்சூரன்ஸ் நிறுவனம் உடனே நீட்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் ஒரே வழி என்றும் நான் சொல்லவில்லை. சிப் சாவி பதிவு செய்யும் கருவி வைத்திருக்கும் நல்ல சாவிக்காரர்கள் வெளியிலும் உண்டு. எங்கே போனாலும் செலவை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான கார்களில் எல்லாச் சாவியும் தொலைந்தாலும் புதுச் சாவியைப் பதிவு செய்துவிடலாம். சில மாடல்களில் மட்டும் இம்மொபிலைசர் பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் கார் எந்த வகை என்பது எஸ்டிமேட்டில் தெரிந்துவிடும்.

சித்தப்பா சொன்ன யோசனை

சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். செய்யாதீர்கள்.

நடக்காத திருட்டு முயற்சியைப் புகாராகக் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 217-இன் கீழ் உங்கள் மீதே நடவடிக்கை வரலாம். அரசு ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து அவரைச் செய்யக்கூடாததைச் செய்ய வைப்பது பற்றிய பிரிவு அது. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே பொய்யை வைத்துப் பணம் கேட்டால் மோசடிக் குற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆசிரியை வேலையில் இருப்பவர் நீங்கள். இதுவரை நடந்ததில் உங்கள் பக்கம் பொய் எதுவும் இல்லை. அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நடைமுறையிலும் இது நிற்காது. பார்க்கிங்கில் கேமரா இருக்கும். சாவிக்காரருக்கு ஜிபேயில் பணம் போயிருக்கிறது. இழுத்து வந்த வண்டியின் ரசீது இருக்கிறது. இவ்வளவும் வேறு கதை சொல்லும்.

உண்மையைச் சொல்லி இன்சூரன்ஸ் கேட்டால்? கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாமே கூப்பிட்ட ஆள் பூட்டை உடைத்தது விபத்தும் இல்லை, திருட்டும் இல்லை, வேண்டுமென்றே செய்த நாசமும் இல்லை. சாவி தொலைந்தால் செலவு தரும் கூடுதல் கவர் ஒன்று உண்டு. தனியாகப் பிரீமியம் கட்டி எடுப்பது. நீங்கள் அனுப்பிய பாலிசிப் பக்கங்களில் அப்படி ஒரு வரி இல்லை.

ஆனால் போலீஸுக்குப் போக வேண்டிய உண்மையான வேலை ஒன்று இருக்கிறது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன எண்ணுள்ள காரின் சாவி தொலைந்துவிட்டது என்று ஒரு மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். நாளைக்குக் கார் திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "ரெண்டு சாவியும் எங்கே?" என்பதுதான். ஒன்று ஏன் இல்லை என்பதற்கு இந்த ரசீது பதில் சொல்லும். சாவிக் கொத்தில் வீட்டு முகவரி எழுதிய அட்டை இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் மனுவில் எழுதுங்கள். கொத்தில் வீட்டுச் சாவியும் இருந்திருந்தால், காரை விட்டுவிட்டு முதலில் வீட்டுப் பூட்டை மாற்றுங்கள்.

கார் இப்போது யாருடையது?

இப்போது ஆர்.சி. "அப்பா பெயரில் இருந்தாலும் தம்பிதானே வாரிசு, அவன் ஓட்டலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு தவறு.

முதலாவது, தம்பி மட்டும் வாரிசு இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். திருமணமான மகளுக்கும் அதே பங்குதான். ஆகவே உங்கள் அம்மா, நீங்கள், தம்பி மூன்று பேரோடு, கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனீர்களே, அந்தப் பாட்டி அப்பாவைப் பெற்றவர் என்றால் அவருக்கும் காரில் ஒரு பங்கு உண்டு. பாட்டியை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கப் பலர் முயன்று, பிறகு திரும்பவும் தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, கெடு முடிந்துவிட்டது. உரிமையாளர் இறந்தால், வண்டியை வைத்துக்கொள்பவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் எட்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், கார் பறிபோய்விடாது. தாமதத்துக்கு உரியதைக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற உறுதிமொழி. இவற்றோடு யாராவது ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். யார் பெயருக்கு என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அம்மா பெயருக்கு மாற்றுவதில் சண்டை குறைவு என்பது என் எண்ணம். ஓட்டப் போவது தம்பிதான் என்றால் அவர் பெயருக்கே மாற்றுவதும் சரிதான்.

நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் என்றேன். உங்கள் வீட்டில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. காப்பீடு எடுத்தவர் இறந்தால், பாலிசி உடனே செத்துவிடாது. இறந்த நாளில் இருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை நிற்கும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பாவின் பாலிசி அவர் இறந்து இரண்டாவது மாதத்தில் முடிந்திருக்கிறது. தம்பி மொபைலில் வந்த லிங்கைத் தட்டி அப்பா பெயரிலேயே புதுப்பித்துவிட்டார். பணம் போனது, பாலிசி வந்தது. ஆனால் இறந்துபோன ஒருவரோடு நிறுவனம் எப்படி ஒப்பந்தம் செய்ய முடியும்? நாளைக்குக் காருக்குச் சேதம் என்று கேட்டால் இந்த ஒரு காரணமே மறுக்கப் போதும். எதிராளிக்கு அடிபட்டால் அதிலும் தகராறு கிளப்புவார்கள். அந்தப் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் பிரீமியம் பிடித்திருக்கிறார்கள். அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கானது. தம்பி ஓட்டி அவருக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் அவருக்கு வராது.

ஆகவே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இறந்த தேதி இது, தெரியாமல் புதுப்பித்துவிட்டோம், வாரிசு பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று. மறைப்பதைவிட இது நல்லது. இன்னும் கிளெய்ம் எதுவும் இல்லாத நேரம் என்பதால் பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் முடியும். அப்பாவுக்குச் சேர்ந்திருந்த நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றவும் வழி உண்டு, கேளுங்கள். மாற்றம் முடியும் வரை காரை ரோட்டில் இறக்க வேண்டாம். இக்னிஷன் உடைந்து ஷெட்டில் நிற்பது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று.

சாவிக்காரர் மீது வழக்கு

போடலாம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால், கடை பெரியதா சின்னதா என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பார்ப்பதில்லை. இங்கே ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதும் பெரிய விஷயம் இல்லை. அவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தவர் தம்பி, அவர்தான் நுகர்வோர். சம்பவம் மதுரையில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் கரூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் பக்கத்தின் பலம் எது தெரியுமா? அவர் பூட்டை உடைத்தார் என்பது அல்ல அந்தப் பலம். சிப் இருக்கும் காருக்கு வெறும் இரும்புச் சாவி போட்டால் வண்டி ஓடவே ஓடாது. தொழில் தெரிந்தவர் முதலில் அதைப் பார்த்து, "சிப் சாவி, என்னால கதவு மட்டும்தான் திறக்க முடியும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சாவி சரியாகத் திரும்பியிருந்தாலும் அவர் சொன்ன வாக்கு நிறைவேறியிருக்காது. சேவைக் குறைபாடு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பலவீனமும் இருக்கிறது. கடிதத்தில் ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் போட்டு வேகமாகக் கடந்திருக்கிறீர்கள்: "அவர் வருவதற்கு முன்னால் தம்பி ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு தடவை திருப்பிப் பார்த்தான்." எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். அதை மறைக்கச் சொல்ல மாட்டேன். புகாரிலேயே எழுதிவிடுங்கள், பிறகுதான் சாவிக்காரர் பூட்டைப் பார்த்து "சரி, போட்டுடலாம்" என்றார் என்பதையும் சேர்த்து. உடைந்த உருளை, பெயர்ந்த வளையம், அவர் போட்ட சாவி எதையும் ஷெட்டில் தூக்கிப் போட விடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம், எதனால் உடைந்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? அவருக்குக் கொடுத்த 2,500, பூட்டுக்கும் வளையத்துக்கும் ஆகும் செலவு, இழுத்து வந்த கூலியில் ஒரு பகுதி. மனவுளைச்சலுக்கு ஏதாவது சேர்க்கலாம். புதுச் சாவியின் விலையை அவர் தலையில் கட்ட முடியாது, சாவியைத் தொலைத்தது அவர் இல்லை. இந்தத் தொகைக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுவேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து பார்ப்பேன். பல நேரம் விஷயம் அந்த இடத்திலேயே பேசி முடிந்துவிடும். பிடிவாதம் பிடித்தால் மட்டும் ஆணையம்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்

அப்பாவின் ஃபைலை ஒரு தடவை தேடுங்கள். புதுக் கார் வாங்கும்போது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகடோ பிளாஸ்டிக் அட்டையோ வரும். அதில் சாவி எண் அடித்திருக்கும். அது கிடைத்தால் பூட்டைக் கழற்றிப் பார்க்காமலே சாவி வெட்டலாம். அதைத் தேடும்போது அந்த இரண்டாவது சாவியே கிடைத்தாலும் ஆச்சரியம் இல்லை. கிடைத்தால் செலவு குறையும், ஏனென்றால் அதில் சிப் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

சர்வீஸ் சென்டரில் பொதுவாக உரிமையாளரின் அடையாள அட்டை கேட்பார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், போலீஸ் ரசீது மூன்றையும் கொண்டு போங்கள். கொஞ்சம் அலைக்கழிக்கலாம், கோபப்பட வேண்டாம். கேட்காமல் சாவி போட்டுத் தரும் இடம்தான் ஆபத்தானது. இக்னிஷன் பூட்டை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். முழு செட் மாற்ற என்ன விலை என்றும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஸ்டீயரிங் பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை, முறுக்கியதும் உடைந்துவிடும்படி செய்திருப்பார்கள். திருடன் கழற்றக் கூடாது என்பதற்காக. அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் கூலி கூடுதலாகச் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

சாவி இரண்டாகவே வாங்குங்கள். புதுச் சாவிகளைப் பதிவு செய்யும்போது தொலைந்த சாவியின் பதிவை நீக்கச் சொல்லுங்கள். அப்புறம் அது யார் கையில் கிடைத்தாலும் இன்ஜின் ஓடாது. ஆனால் பழைய பூட்டு இருக்கும்வரை கதவு திறக்கும், எனவே பணம், பத்திரம் எதையும் காருக்குள் வைக்காதீர்கள். நீக்கியதை பில்லில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லி, சி.எஸ்.ஆர். ரசீதோடு சேர்த்து இன்சூரன்ஸ் ஃபைலில் வையுங்கள்.